தண்ணீர் படாத லுங்கி

பம்பாய், 14-8-1974

நைனாவுக்குத் தணிகாசலம் வணங்கி எழுதுவது. நான் சுகம். ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறினீர்களா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

“ராஜா கதையெல்லாம் படிச்சிகினு இருந்தா எவன்டா வேலை குடுப்பான்?” என்றீர்களே, கேளுங்கள். எங்கள் துணிக் கம்பெனிக்கு வந்த நைஜீரியா வியாபாரி, கட்டம் போட்ட துணியை முகர்ந்துவிட்டு வேண்டாம் என்றார். மேனேஜர் விழித்தார். அந்த ஊர்க்காரர்கள் நம் பக்கத்துத் துணியை வாசனையால் அடையாளம் காண்பார்கள் என்று பி.ஏ. சரித்திரத்தில் படித்தது எனக்கு நினைவு வந்தது. மேனேஜரோ பளிச்சென்று இருக்கட்டுமென்று துவைத்து வைத்திருந்தார்! அறைக்கு ஓடி, நீங்கள் நெய்து கொடுத்த புது லுங்கியைக் கஞ்சி வாசனையோடு கொண்டுவந்து நீட்டினேன். வியாபாரி முகர்ந்தார், சிரித்தார், இந்த மாதிரிதான் வேண்டும் என்றார். இனி வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசுவது என் பொறுப்பு.

இன்னும் இரண்டு லுங்கி அனுப்புங்கள். அம்மா தண்ணீரில் நனைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆபீசுக்கு. தபால்காரர் வாசல் தபால்பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன். இன்னொன்று என் தலைமாட்டுக்கு.

தணிகாசலம்