சின்னாற்றுப் பாலத்துச் சிவப்பு விளக்கு

மேலவாய்க்கரை,
17.3.1997, திங்கட்கிழமை

என் மகள் அம்சவல்லிக்கு அம்மா எழுதுகிறேன். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன். மற்றதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருக்கும்போது படிக்காதே. வீட்டுக்குப் போய், மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுப் படி. போனில் சொல்லிவிடலாம் என்று தர்மாம்பாள் என்னைக் கடைத்தெரு பூத்துக்குக் கூட்டிப்போனாள். அந்தப் பக்கம் மணி அடித்ததும் போனை வைத்துவிட்டேன். அறிவொளி வகுப்பில் எழுதப் படித்ததால் நானே எழுதுகிறேன். இதை வேறு யாரிடமும் சொல்லி எழுதி வாங்க முடியாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. உளுந்து இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. இதையெல்லாம் முதலில் எழுதிவிட்டு மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

உன் அப்பா கிடைத்துவிட்டார்.

உயிரோடு இல்லை. அவர் எங்கும் ஓடிப்போகவில்லை, அம்சவல்லி. பம்பாய்க்கும் போகவில்லை, எந்தப் பெண்பிள்ளையோடும் போகவில்லை. இந்த இருபத்தைந்து வருஷமும் நம் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், சின்னாற்றுப் பாலத்துக் கரைக்கு அடியில் கிடந்திருக்கிறார். அந்தக் கரையோரமாகத்தான் நான் ஆடு ஓட்டிக்கொண்டு போவேன். நீ பள்ளிக்கூடம் போனதும் அந்த வழிதான்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

ரயில் பாதை வேலைக்குப் போகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். கூலி இல்லாத வேலைக்கு இந்த வயதில் ஏன் போகிறாய் என்று நீ கோபித்திருந்தாய். பூண்டியிலிருந்து உப்பளத்துறைக்குப் போன கிளைப் பாதை, வெள்ளத்தில் சின்னாற்றுப் பாலம் உடைந்த அன்றோடு நின்றது. உனக்கு அப்போது ஆறு வயது. அதன் பிறகு பாதை முழுக்கக் கருவை மண்டிவிட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்து ஏலம் விடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்தக் கடைசி வண்டியில் கார்டாக இருந்த ஜெய்னுலாபுதீன் பாய் ரயில்வேக்காரர்களிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். பாதை போட்டு நூறு வருஷம் ஆகிறதாம். ஊர்க்காரர்களே சேர்ந்து சரிசெய்து, பழைய நீராவி வண்டியை உடைந்த பாலத்துக் கரை வரைக்கும் ஒரு நாளாவது ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலை. பூண்டி காலேஜ் பிள்ளைகள், உப்பளத்து ஆட்கள், கடற்கரையிலிருந்து மீன்காரப் பெண்கள், நம் தெருப் பெண்கள் என்று எல்லாரும் வருவார்கள். கருவையை வெட்டுவோம், மக்கிய கட்டைகளைப் புரட்டுவோம், கரைக்கு மண் போடுவோம். நம் தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் ஒரே வரிசையில் இலை போட்டுச் சாப்பாடு பரிமாறியதை நான் கண்ணால் பார்த்தது அந்தப் பாதையில்தான். அதற்காகவே போனேன்.

டீ நேரத்தில் பாய் அந்தக் கடைசி வண்டியின் கதையைச் சொல்லுவார். எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் திரும்பக் கேட்பார்கள். "பொழுது சாயுற நேரம். மழையில எதிர எதுவும் தெரியல. திடீர்னு டிரைவரு பிரேக்கப் போட்டாரு. எட்டிப் பாக்குறேன், தண்டவாளத்து நடுவுல செவப்பு வெளக்கு ஆடுது. அப்படி ஆடுது, கை ஒடிஞ்சி விழுற மாதிரி. வண்டி நின்னுச்சி. எறங்கி ஓடுறேன், வெளக்கக் காணோம். வெளக்கு நின்ன கரையையே காணோம். அந்தாண்ட பாலமும் இல்ல." சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். அப்போது கேட்கீப்பராக இருந்த அய்யாவு அண்ணன்தான் விளக்குக் காட்டியவர் என்று ரயில்வேயில் அவருக்குப் பதக்கம் கொடுத்திருந்தார்கள். அவரும் எங்களோடு வேலைக்கு வருவார். பாய் கதை சொல்லும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். எவ்வளவு அடக்கமான மனுஷர் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

நேற்றைக்கு முந்தின ஞாயிறு, மேற்குக் கரையின் அடியில் தோண்டினோம். தர்மாம்பாள் வெட்டினாள், நான் கூடையில் அள்ளினேன். மண்வெட்டி இரும்பில் மோதியது. எடுத்துப் பார்த்தால் ரயில்வே கை விளக்கு. துருப்பிடித்து நசுங்கியிருந்தது, ஆனால் சிவப்புக் கண்ணாடி உடையவில்லை. பாய் அதை வாய்க்காலில் கழுவி, அடித்திருந்த எழுத்தைப் படித்துவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். "அய்யாவு! ஓடியாடா, ஒன் வெளக்குடா!" என்று கத்தினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அய்யாவு அண்ணன் மட்டும் கிட்டே வரவில்லை.

நான் மறுபடி கூடைக்குக் குனிந்தேன். மண்ணில் கருவை வேர் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். வேர் இல்லை. கை, அம்சவல்லி.

என்னவென்று தெரியாமல் அவருடைய கையை நான் பிடித்து இழுத்திருக்கிறேன்.

பிள்ளைகள் பயந்து மேலே ஏறிவிட்டார்கள். பாயும் தர்மாம்பாளும் கையால் மண்ணை விலக்கினார்கள். வெள்ளத்தில் போன யாரோ என்றுதான் அதுவரை நானும் நினைத்தேன். இடுப்புப் பக்கம் விலக்கியபோது செப்புத் தாயத்து ஒன்று இருந்தது. ஒரு பக்க மூடி இல்லாமல், அரக்கு வைத்து அடைத்த தாயத்து.

அது நான் கட்டியது. பினாமி பேரில் பண்ணை மறைத்து வைத்திருந்த நிலத்தில் நம் சனங்கள் இறங்கிக் குறுவையை அறுத்தார்களே, சங்கத்தின் பேரில் அதற்கு முன்னால் நின்றவர் என்று போலீஸ் அவரைத் தேட ஆரம்பித்ததும் அவர் தாழங்காட்டுக்குள் ஒளிந்துகொள்ளப் போனார். போகும்போது கட்டினேன். சங்கத்துக்காரனுக்குத் தாயத்து எதற்கு என்று சிரித்தார். நான் அழுவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இடுப்பைக் காட்டினார். தெருமுனை தாண்டியதும் அறுத்துப் போட்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். மூடி தொலைந்த பக்கத்தை அரக்கு உருக்கி வைத்து நான்தான் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தேன். அந்தக் குழி அப்படியே இருந்தது. என் விரலை வைத்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. நான் கத்தவில்லையாம், அழவில்லையாம். மண்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றேனாம். தர்மாம்பாள்தான் இறக்கினாளாம்.

எனக்கு நினைவு வந்தபோது அய்யாவு அண்ணன் சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். "நா அன்னிக்குப் பாலத்துக்கே வரல தங்கச்சி. மழைக்குப் பயந்துகிட்டு கேட் ரூமப் பூட்டாம வூட்டுக்குப் போயிட்டேன். விடிஞ்சி வந்தா ஆபீசருங்கல்லாம் நிக்கிறாங்க. நீதானய்யா வெளக்கு காட்டுனன்னாங்க. இல்லன்னு சொன்னா வேல போயிடும். ஆமான்னுட்டேன். யாரு காட்டுனதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார். பாய் அவரை அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. அங்கேயே திரும்பி நின்று அழுதார்.

நான் அய்யாவு அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இல்லை என்று அன்றைக்கு அவர் சொல்லியிருந்தால், அப்படியானால் யார் என்று கேட்டிருப்பார்கள். யாராவது தோண்டிப் பார்த்திருப்பார்கள். உன் அப்பா திருவாரூரில் செங்கல் சூளைப் பெண்ணோடு ரயில் ஏறியதை என் கண்ணால் பார்த்தேன் என்று பண்ணையின் காரியக்காரர் சொன்னதை ஊர் நம்பியிருக்காது. சங்கத்திலும் நம்பினார்கள். நானும் நம்பினேன். ஓடுகாலி மகள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லித்தான் நீ உன் பெயருக்கு முன்னால் அவர் எழுத்தை எடுத்துவிட்டு என் எழுத்தைப் போட்டுக்கொண்டாய். இதையெல்லாம் யோசித்தால் அய்யாவு அண்ணனைக் கொன்றுவிடலாம் போல இருக்கிறது. ஆனால் அவர் சேற்றைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் பாய் நம் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்காரச் சொன்னேன். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். "அன்னிக்கி வண்டியில நடவாளுங்க, சந்தைக்குப் போயிட்டு வந்தவங்க எல்லாம் இருந்தாங்கம்மா. ஆனா முன்பெட்டி முழுக்க ரிசர்வ் போலீசு. ஒங்க தெருவுக்குத்தான் வந்தாங்க. மருதையனப் புடிக்கத்தான் வந்தாங்க."

அது உன் அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சாயங்கால வண்டியில் போலீஸ் வருகிறது என்று அன்று காலையிலிருந்தே ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கும் தெரியும்; அவர் நிறுத்தியது அந்த வண்டியைத்தான் என்று பாய் சொல்லும்வரை எனக்குத் தோன்றவில்லை. பண்ணை வீட்டில் அவர்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பேசாமல் தாழங்காட்டிலேயே இருந்திருக்கலாம். பாலம் போனதைப் பார்த்துவிட்டு, கேட் அறைக்குள் புகுந்து விளக்கைக் கொளுத்திக்கொண்டு, தன்னைப் பிடிக்க வருகிறவர்களுக்கு எதிரில் போய் நின்றிருக்கிறார். அந்தப் போலீஸ்தான் இரண்டு நாள் கழித்து நடந்து வந்து நம் வீட்டுக் கூரையைப் பிடுங்கிப் போட்டது. புருஷனை எங்கேடி ஒளித்து வைத்திருக்கிறாய் என்று என்னை அடித்தது. நீ என் முதுகைக் கட்டிக்கொண்டு கத்தினாய். அவரால் பிழைத்தவர்கள்தான் அம்சவல்லி நம்மை அடித்தது. இது என்ன நியாயம் என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். அவரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கப் போகிறது. பெரிய பண்ணையின் மகன், ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டிக் கரையை மாற்றிக் கட்டுகிறவர், ஸ்டேஷனுக்குப் போய் வந்திருக்கிறார். வெள்ளத்தில் ஒதுங்கிய அனாதைப் பிணம் என்று எழுதி முடிக்கச் சொல்கிறாராம். அந்த நிலத்து வழக்கு இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது. அதில் முதல் பெயர் உன் அப்பாவுடையது. ஊரைவிட்டு ஓடிய பொறுக்கி போட்ட வழக்கு என்று சொல்லியே இத்தனை வருஷம் இழுத்துவிட்டார்கள். அவர் ஓடவில்லை என்று ஆகிவிட்டால் அவர்கள் சொன்ன மற்றதெல்லாம் என்ன ஆகும்?

இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்கிறார், "நீதான் அவன் பொண்டாட்டின்னு எதாவது பேப்பர் வச்சிருக்கியா?" சங்கக் கூட்டத்தில் மாலை மாற்றித் தாலி கட்டிய கல்யாணம், அதற்கு ஏது காகிதம்? உன் பிறப்புச் சான்றில் அவர் பெயர் இருக்கிறது. பெற்ற மகள் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் மறுக்க முடியாது என்று பாய் பார்த்த வக்கீல் சொல்கிறார். அதுவரை அவரை யாரிடமும் கொடுக்க விடமாட்டோம் என்று காலேஜ் பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலில் முறை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தெருப் பெண்கள் வந்து என் நெற்றியையே பார்க்கிறார்கள். தர்மாம்பாள் வாய்விட்டே கேட்டாள், "பொட்ட என்னக்கா பண்ணப் போற?" எனக்குத் தெரியவில்லை. எப்போது செத்தவருக்கு எப்போது அழிப்பது? இருபத்தைந்து வருஷம் கோபத்தோடு வைத்துக்கொண்ட பொட்டு. இப்போதுதான் ஆசையோடு வைக்கத் தோன்றுகிறது. அழிக்கவில்லை.

நேற்று ஞாயிறு. எல்லாரும் பாதைக்கு வந்தார்கள், ஆனால் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. பாய் என்னைப் பார்த்து, "நிறுத்திடலாமா தங்கச்சி?" என்று கேட்டார். அந்தக் கரையில் வண்டி ஓடாமல் போனால் அவர் அங்கே நின்றதற்கு என்ன பொருள்? நான் கூடையை எடுத்து மண் அள்ளப் போனேன். பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். அய்யாவு அண்ணனும் தூரத்தில் வந்து நின்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

அம்சவல்லி, அந்த ஆள் செத்தாலும் எனக்குச் சொல்லாதே என்று கல்யாணத்துக்கு முதல்நாள் நீ சொன்னாய். உன்மேல் தப்பில்லை. நான் சொல்லித் தந்ததைத்தான் நீ சொன்னாய். லீவு கேட்டுப் பார். கொடுக்காவிட்டால் திரும்பவும் கேள். மாப்பிள்ளையால் வர முடியாவிட்டால் நீயும் குழந்தையும் மட்டுமாவது வாருங்கள். பேரப்பிள்ளையை அவர் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மரப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மேலே ஒட்டிய சீட்டில் பெயர் என்று போட்ட இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. நான் சொன்னேன், அங்கே வேலை பார்க்கிறவர் எழுத மாட்டேன் என்றுவிட்டார். நீ வந்து சொல். உன் அப்பா பெயரை நீ உன் வாயால் சொல்லி நான் கேட்டுப் பல வருஷம் ஆகிறது. அவரை நாம் இருவரும் சேர்ந்துதான் வாங்கி வர வேண்டும். அதுவரை நான் அவரை எங்கேயும் விடமாட்டேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மழையிலும் வெள்ளத்திலும் ஒரு ஆபத்தும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். சீக்கிரம் வந்துவிடு, கண்ணு.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
மருதையன் மனைவி தங்கம்மாள்