பாலத்தைத் தாண்டிய நிழல்

கடலூர், ஞாயிறு இரவு.

சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இன்று தேர்த் திருவிழா. ட்ரோன் விட்டுப் படம் பிடிக்க விழாக் குழுவினர் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விடிந்த கையோடு தேர் கிளம்பிவிட்டது. கீழே நின்றபோது எங்கு பார்த்தாலும் ஒரே கூட்டம்தான். மேலிருந்து வந்த படத்தில் கூட்டம் இரண்டாக இருந்தது. ஊர்க் கூட்டம் வாய்க்கால் பாலத்தோடு நின்றுவிட்டது. பாலத்துக்குக் கிழக்கே காலனி ஜனங்கள் குளித்து, புதுத் துணி கட்டி, தேங்காய்த் தட்டோடு நின்றார்கள். நடுவில் வெறும் பாலம். அதுவரை வந்த தேர் அங்கே திரும்பிக்கொண்டது.

நான் கிளம்பும்போது காலனியிலிருந்து ஒருவர் பாலத்தோரம் வந்து கேட்டார். "தம்பி, நாங்க நின்னதும் படத்துல வுழுந்திருக்குமா? எனக்கும் அனுப்புறியா?" அவர் நம்பரை வாங்கிக்கொண்டு என் நம்பரையும் கொடுத்தேன்.

சாயங்காலம் படத்தைக் குழுத் தலைவருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"பாலத்துக்கு அந்தாண்ட இருக்கறத எடுத்துடுப்பா. நம்ம தேரு மட்டும் தெரிஞ்சா போதும்."

வெட்டினேன். ஆட்கள் போய்விட்டார்கள். ஆனால் காலை வெயிலில் அவர்களுடைய நிழல்கள் நீளமாகப் பாலத்தைத் தாண்டி, இந்தப் பக்கம் தேர்ச் சக்கரம் வரை விழுந்து கிடந்தன. தலைவரைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன்.

"அதையும் அழிச்சிடு. கம்ப்யூட்டர்ல முடியாதா என்ன?"

முடியும். கொஞ்ச நேர வேலைதான். முடித்தும் விட்டேன்.

பாலத்தோரம் கேட்ட அந்த மனிதர் இப்போதுதான் மெசேஜ் போட்டிருக்கிறார். வீட்டில் எல்லோரும் படம் பார்க்கத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்களாம்.