கல் போட்ட வைன்

லே ஹாவ்ர்
12 அக்டோபர் 1959

திரு. ஃபிர்மேன் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த வருஷம் பர்கண்டியில் அறுவடை அமோகம் என்று பேப்பரில் பார்த்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா எனக்கு விட்டுப்போன மேட்டுத் தோட்டத்துப் பதினோரு வரிசைத் திராட்சைக் கொடிகளை டிஜோன் வியாபாரி ஒருவர் விலைக்குக் கேட்கிறார். என் நிலம்தான் என்றாலும் கணவரின் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாதாம். பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்புங்கள். நான் அங்கிருந்து கிளம்பி வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இனி அந்த மண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இப்படிக்கு,
சொலான்ஜ்


மொர்வேல், பர்கண்டி
20 அக்டோபர் 1959

அன்புள்ள சொலான்ஜ்,

பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குத் 'திரு' போட்டு, 'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். தபால்காரர் முன்னாலேயே பிரித்துப் படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருப்பா, வரி ஆபீஸா?" என்றார். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. உடனே கோபப்படாதே, முழுக்கப் படி.

ஐம்பத்தேழில் நான் செய்தது தப்பு. உன் அப்பா போன வருஷம் அது. உறைபனியில் விளைச்சல் பாதியாகிவிட்டது என்ற சாக்கில், அவர் முப்பது வருஷமாகத் தனியாக வைன் எடுத்த வரிசைகளின் பழத்தை என் தொட்டியிலேயே கொட்டினேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்கப்பாவையும் சேத்து நசுக்கிட்டியே!" என்று கத்தினாய். அன்றைக்கு எனக்கு அது மண்டையில் ஏறவில்லை.

இந்த வருஷம் உன் பழத்தைத் தனியாகப் பறித்து, தனித் தொட்டியில் நானே இறங்கி மிதித்து, தனியாக எடுத்திருக்கிறேன். ஒரே ஒரு பீப்பாய். மே மாதம் வரை பொறு. ருசித்துப் பார். அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால் தடுக்க மாட்டேன்.

நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை. அதையும் எழுதிவிட்டேன்.

ஃபிர்மேன்


லே ஹாவ்ர்
3 நவம்பர் 1959

ஃபிர்மேனுக்கு,

மே வரை பொறுக்கிறேன். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. அந்தப் பீப்பாயில் உன் வைன் ஒரு சொட்டு கலந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். என் நாக்கு எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும்.

சொலான்ஜ்

பி.கு. உன் கம்பளி உள்சட்டை அலமாரியின் மேல்தட்டில், போர்வைக்கு அடியில் இருக்கிறது. இந்நேரம் வீட்டையே தலைகீழாகப் புரட்டியிருப்பாய்.


மொர்வேல்
9 பிப்ரவரி 1960

அன்புள்ள சொலான்ஜ்,

உள்சட்டை கிடைத்தது. இரண்டு குளிர்காலமாக அது இல்லாமல் நடுங்கினேன்.

உன் பீப்பாய் என்னை நன்றாகச் சோதிக்கிறது. மரம் மூச்சு விடுகிறது. வாரா வாரம் வைன் குறைகிறது. குறைந்த இடத்தில் காற்று நின்றால் புளித்துப்போகும். நிரப்ப வேண்டும், ஆனால் எதை ஊற்றுவேன்? உன் வரிசையில் மிஞ்சிய ஒரு குடுவையும் நவம்பரோடு தீர்ந்தது. பக்கத்திலேயே என் பீப்பாய்கள் பதினான்கு நிற்கின்றன. அவற்றைத் தொட மாட்டேன்.

கடைசியில், குறைகிற இடத்தைக் கல் போட்டு அடைப்பது என்று முடிவெடுத்தேன். உன் தோட்டத்துக் கல்லே உன் வைனுக்குள் போகட்டும் என்று ஆசையாகப் பொறுக்கி வந்தேன். நல்லவேளை, முதலில் ஒன்றை வினிகரில் போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புக் கல், பொங்கி நுரைத்துவிட்டது! பிறந்ததிலிருந்து அந்த மண்ணைக் கொத்துகிறவன், எனக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? பிறகு சோன் ஆற்றுக்குப் போய் வழவழப்பான வெள்ளைக் கூழாங்கல் ஒரு மூட்டை கொண்டுவந்து, உன் ஜாம் அண்டாவில் வேகவைத்துக் கழுவி, வாரத்துக்குப் பத்தாகப் போடுகிறேன்.

பீப்பாய் செய்கிற பஸ்தியான் பார்த்துவிட்டு, "ஏண்டா, பொண்டாட்டி போனா புத்தியும் கூடவே போயிடுமா?" என்கிறான். போகட்டும், வைன் சுத்தமாக இருக்கிறது.

ஃபிர்மேன்


லே ஹாவ்ர்
1 மார்ச் 1960

ஃபிர்மேன்,

என் செம்பு அண்டாவில் கல்லையா வேகவைத்தாய்? அம்மா கொடுத்த அண்டா அது! உள்ளே கீறல் விழுந்திருந்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

உன் கடிதத்தைத் தங்கை லூசெத்திடம் படித்துக் காட்டினேன். துணி அளந்துகொண்டிருந்தவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, வைனுக்குள்ள கல்லப் போடுற மனுஷன் இந்த பிரான்ஸ் முழுக்க வேற எவன் இருக்கான்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய் அழுதேன்.

இங்கே ஓயாமல் கடல் காற்று. ஆலங்கட்டி விழுமோ என்று இன்னமும் காலையில் வானத்தைப் பார்க்கிறேன். இந்த ஊரில் ஆலங்கட்டி விழுந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கொடிகளைக் கத்தரித்தாயிற்றா? ஆறாவது வரிசையில் கடைசிக் கொடி நோஞ்சான். அதில் ஒரு கிளைக்கு மேல் விடாதே.

சொலான்ஜ்


மொர்வேல்
10 மே 1960

அன்புள்ள சொலான்ஜ்,

சொன்ன சொல்படி ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன். அதை எடுத்த இடத்தை அடைக்கவே ஐம்பது கல் தேவைப்பட்டது. இளம் வைன், ஒரு நாள் இருட்டில் வைத்துவிட்டுத் திற.

கூடவே பத்திரமும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு உன்னை மிரட்டுவதுபோல் இருந்தது, பிடிக்கவில்லை. நிலம் உன்னுடையது. விற்றாலும் சரி. புது ஆள் வரும்வரை கொடிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆறாவது வரிசைக் கடைசிக் கொடி துளிர்த்திருக்கிறது.

ஃபிர்மேன்


லே ஹாவ்ர்
24 மே 1960

அன்புள்ள ஃபிர்மேன்,

குடித்தேன். முதல் வாயில் நாக்கைப் பிடித்து இழுத்தது. விழுங்கிய பிறகு, செர்ரிக் கொட்டையைக் கடித்தாற்போல் ஒரு சின்னக் கசப்பு வந்ததே, அங்கே அப்பா இருந்தார். ஆனாலும் ஏதோ குறைந்தது. மூன்று நாள் வைத்து வைத்துக் குடித்துப் பார்த்தேன். என்னவென்று தெரிந்ததும் உனக்கு எழுதவே வெட்கமாக இருந்தது.

அப்பாவுக்கும் வருஷத்துக்கு ஒரே பீப்பாய்தானே? அவர் எதைக் கொண்டு நிரப்பினார் என்று என்றைக்காவது யோசித்தாயா? நம் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து உன் வைன்தான். நீ தோட்டத்துக்குப் போனதும் நான்தான் குடுவையில் பிடித்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, தலைகால் தெரியாம ஆடுவான்" என்பார். உன்னைக் கேட்காமல் நாங்கள் பதினாறு வருஷம் எடுத்தோம். நீ கேட்காமல் ஒரு வருஷம் கொட்டியதற்கு நான் வீட்டைவிட்டே வந்தேன்.

உன் வைன் கலக்காமல் அப்பாவின் வைன் இல்லை ஃபிர்மேன். கல் போதும். உன்னுடையதையே ஊற்று.

பத்திரத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

சொலான்ஜ்


மொர்வேல்
2 ஜூன் 1960

என் சொலான்ஜ்,

திருட்டுக் குடும்பம்! பீப்பாயில் ஒழுக்கு, மரம் மட்டம் என்று வருஷா வருஷம் பஸ்தியானோடு சண்டை போட்டேனே! கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "பதினாறு வருஷ மன்னிப்ப மொத்தமா இப்பவே கேளுடா" என்று என்னை மண்டியிடச் சொன்னான். சிரித்துக்கொண்டே மண்டியிட்டேன். எழுந்திருக்கும்போது கண் கலங்கிவிட்டது.

குடுவையை நிரப்பி உன் பீப்பாய் அருகில் நின்றேன். ஊற்ற முடியவில்லை. கடிதத்தில் வந்த சம்மதத்தை வைத்துக்கொண்டு ஊற்ற எனக்குக் கை வரவில்லை. நீ பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். கல் போடுவதையும் நிறுத்திவிட்டேன். மட்டம் இரண்டு விரல் இறங்கிவிட்டது. வெயில் வேறு கூடுகிறது; இன்னும் பத்து நாள் விட்டால் புளிக்க ஆரம்பித்துவிடும்.

மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. மிரட்டுகிறேன்தான்.

உன் ஃபிர்மேன்


லே ஹாவ்ர்
7 ஜூன் 1960

ஃபிர்மேன்,

சனிக்கிழமை மாலை வண்டியில் வருகிறேன். அதுவரை பீப்பாய் மூடியை இறுக்கி அடைத்து வை, திறந்து திறந்து பார்க்காதே.

ஸ்டேஷனுக்குப் பஸ்தியானையும் கூட்டி வா. பெட்டி மூன்று இருக்கிறது.

உன் சொலான்ஜ்