கடைசியில்தான் தரை

பாப்பாவின் அப்பாவுக்கு,

சாப்பிட்டீர்களா என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன்.

கபினி அணை நீரிலிருந்து விமானத்தை எடுத்துவிட்டார்கள். உள்ளே நீங்கள் இல்லை. பாப்பாவிடம் இதை யாருமே சொல்லவில்லை. உங்கள் அப்பா எங்களை ராமாபுரத்துக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறார். "இங்க தனியா என்னம்மா பண்ணுவ?" என்கிறார். பாப்பாதான் கிளம்ப மாட்டேன் என்கிறாள்.

"அப்பா அணையைத் தாண்டிட்டாரு" என்று திங்கட்கிழமை சொன்னாள். நேற்று நஞ்சன்கூடு கோபுரம். இன்று சாயங்காலம், "சாமுண்டி மலை வந்திருச்சு" என்றாள். பயிற்சியில் முதல்முறை தனியாகப் பறக்கும் முன்னால் அவளை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் ஒப்பித்த வழிதான். ஆனால் இப்போது வீட்டை நோக்கித் திரும்பி வருகிறது.

"பிளேன்ல வர்றதுக்கு ஏண்டி இவ்வளவு நாள்?" என்று கேட்டேன்.

"பிளேன் இல்லல்லம்மா. நடந்து வர்றாரு. காலெல்லாம் ஈரம்."

வழி தேடும்போது முதலில் கடிகாரம், பிறகு மேப், கடைசியில்தான் தரை என்று பயிற்சியில் சொன்னதாகச் சொல்வீர்களே. தரையை முதலில் பார்த்தால், கண்ணில் படுகிற ஏரியெல்லாம் நாம் தேடுகிற ஏரியாகவே தெரியுமாம். அதனால் நான் ஜன்னல் பக்கமே போகவில்லை. மேப்பை விரித்து, ஓர் ஆள் நடக்கிற வேகத்தில் கணக்குப் போட்டேன். இன்று ராத்திரி நம் வீடு.

காலையில் கிளம்பலாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தூங்குகிறார். கதவை நான் தாழிடவில்லை.

இப்போது கீழே கேட் திறக்கிற சத்தம். பாப்பா எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறாள். கடிகாரம் சரி, மேப்பும் சரி. நான் இன்னும் தரையைப் பார்க்கவில்லை.

உங்கள்
பாப்பாவின் அம்மா