ஆறு வாரம் காயும் சோப்பு

என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

சோப்புப் பட்டறை வேலை பிடித்துவிட்டது. அடுப்பில் காய்ச்சிச் செய்யும் சோப்பு கரடுமுரடுதான், ஆனால் மறுநாளே குளிக்கலாம். காய்ச்சாமல் அச்சில் ஊற்றுவது வழவழவென்று அழகாக வரும்; ஆறு வாரம் காய வேண்டும். அந்த அழகில் மயங்கி, மூன்றாம் நாளே அதில் கை கழுவிவிட்டேன். லேசான எரிச்சல், இப்போது இல்லை.

"பொறுத்தார் பூமி ஆள்வாருன்னு சொல்வாங்க, உனக்கு ஒரு சோப்புக்குக்கூடப் பொறுமை இல்லையே!" என்று முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அச்சில் ஊற்றியது தானாகவே சூடேறும்; அந்தச் சூடு ஆறாமல் போர்த்திவைக்க வேண்டும். நீங்கள் போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்கே துணிக்குப் பஞ்சமில்லை, இருந்தாலும் அனுப்புங்கள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. போர்வையைத் துவைத்துவிடாதீர்கள்.

உங்கள் சோப்புக்காரி