ஞாயிறு மதியக் குரல்

ஜூன் 11, செவ்வாய்

இன்று கால் சென்டரில் நூற்றுப் பதினெட்டு அழைப்புகள். நூற்றுப் பதினெட்டு பேரிடமும் ஒரே குழைவில் மன்னிப்புக் கேட்டேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு முணுமுணுத்தால் போதும், அந்தப் பக்கம் இருப்பவருக்கு என் மூச்சுகூடக் கேட்கும். அம்மாவுக்கு ஒரே அறையில் எழுபத்திரண்டு பிள்ளைகள். மேலே தகரக் கூரை. அடுத்த வகுப்புக்கும் இவள் வகுப்புக்கும் நடுவில் ஒரு மரத்தட்டி. இருபத்தாறு வருஷம் கத்தினாள்.

வீட்டுக்கு வந்தால் பெரிய டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். அம்மாவின் பள்ளித் தலைமை ஆசிரியை. அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது, இருபத்தெட்டாம் தேதி நினைவுக் கூட்டமாம். அம்மா பெயரில் விருதாம். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத ஆசிரியருக்கு.

"நீதாம்மா உன் கையால குடுக்கணும். நாலு வார்த்தை பேசணும்."

விடுப்பே எடுக்காத ஆசிரியர்! அந்த விடுப்பு கிடைக்காமல்தானே—

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். மரியாதை கெட்ட பெண் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

ஜூன் 12, புதன்

அப்பாவோடு சண்டை. நாள் முழுக்க வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து எழுதிவிட்டு வந்தவரை, செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"செத்தவளுக்கு ஒரு பேராவது நிக்கட்டுமேடி."

"எதுக்குப்பா நிக்கணும்? அடுத்தவளைக் கொல்றதுக்கா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். சாப்பிடவும் இல்லை.

டாக்டர் சொன்னது எனக்கு மனப்பாடம். தொண்டையில் சின்ன வீக்கம், மூன்று மாதம் வாயே திறக்கக்கூடாது, அப்படியும் வற்றாவிட்டால் சோதித்துப் பார்க்க வேண்டும். அம்மா மறுநாளே வகுப்புக்குப் போனாள். திரும்ப டாக்டரிடம் போனது இரண்டு வருஷம் கழித்து. அப்போது அது சின்னதாக இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

மதியம் கண் அசந்துவிட்டது. கனவில் நம் வீடு பள்ளிக்கூடமாக இருந்தது. கட்டிலில், ஜன்னல் மேடையில், அரிசி டிரம்மின் மேலெல்லாம் பிள்ளைகள். அம்மா வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிடுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து "உள்ளேன் அம்மா" என்கிறது. அவர்களுக்கு மட்டும் கேட்கிறது. நான் கதவோரம் நின்று என் பெயர் வரும், வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வெளியே வெயில் தண்ணீர் மாதிரி அசைந்தது.

விழித்தபோது அதே வெயில் சுவரில்.

ஞாயிறு மதியம்தான் அம்மாவுக்குக் குரல் வரும். சனிக்கிழமை முழுக்க வெந்நீர் குடித்துக்கொண்டு சும்மா இருப்பாள். ஞாயிறு இரண்டு மணிக்கு மேல் உள்ளே எங்கோ கதவு திறந்த மாதிரி மெதுவாக வரும். ஈரத் துணி போல ஒரு குரல். என் தலையைத் தடவிக்கொண்டு ஏதாவது சொல்வாள். திங்கட்கிழமை அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மற்ற நாளெல்லாம் வீட்டில் சைகைதான்.

பதினைந்து வயதில் ஒருநாள் கேட்டேன்: "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் டீச்சர், எனக்கு மட்டும் ஊமையா?"

அவள் ஒரு பழைய விடைத்தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்: "நாளைக்கு ஞாயிறு. நிறையப் பேசலாம்."

அந்த ஞாயிறு நான் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டேன். வேண்டுமென்றேதான்.

ஜூன் 18, செவ்வாய்

விருதை மறுத்து பெரிய டீச்சருக்குக் கடிதம் எழுதினேன். காரசாரமாக வந்திருக்கிறது. நாளை கொடுக்க வேண்டும்.

ஜூன் 19, புதன்

கொடுக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் வாசலில் கீச்சு நிற்கிறாள்.

அம்மாவிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். கீச்சுக் குரல் என்று அம்மா வைத்த பெயர். இப்போது அதே பள்ளியில் டீச்சர், மூன்று வருஷமாகத் தற்காலிகம். அம்மாவின் எழுபத்திரண்டு பேரும் இப்போது இவள் தலையில்.

"அக்கா, நீங்க விருது வேணாங்கறீங்கன்னு உங்கப்பா சொன்னார்." குரல் கீச்சு இல்லை. உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி இருந்தது. "இந்த வருஷம் அது எனக்குத்தான். வாங்கினா வேலை நிரந்தரம் ஆகறதுக்கு எழுதி அனுப்பறேன்னு பெரிய டீச்சர் சொல்லியிருக்காங்க. கெடுத்துடாதீங்கக்கா."

"உன் தொண்டையைப் பார்த்தியாடி? அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்தானே?"

"தெரியும். நிரந்தரம் ஆனதும் பார்த்துக்கறேன்."

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. டீ போட்டேன்.

டீ குடித்துக்கொண்டே சொன்னாள், "டீச்சர் மாதிரி நான் பேசுவேன், தெரியுமாக்கா? அஞ்சாம் கிளாஸ்ல டீச்சர் வெளிய போனா நான்தான் டீச்சர்." எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கழுத்து நீண்டது. "ஏய் கடைசி பெஞ்சு! அங்க என்ன சந்தைக்கடையா நடத்தறீங்க? எனக்கு எழுபத்திரண்டு மூஞ்சியும் தெரியும், சுவத்துல ஒட்டியிருக்கற பல்லியும் தெரியும். அதுதான் ஒழுங்கா கவனிக்குது. அடுத்த வருஷம் அதை ஆறாம் கிளாஸுக்கு அனுப்பிடறேன், நீங்க சுவத்துல ஏறிக்குங்க!"

சிரித்தேன். மூச்சு முட்டச் சிரித்தேன். அப்பா அறையிலிருந்து ஓடி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா இப்படியெல்லாம் பேசுவாளா? இவ்வளவு சத்தமாக, இவ்வளவு குறும்பாக? எனக்கு ஏன் தெரியாது?

கீச்சு இருமினாள். நெடுநேரம் இருமினாள்.

ஜூன் 20, வியாழன்

என்ன செய்வது? மறுத்தால் இவள் வயிற்றில் அடிக்கிறேன். கொடுத்தால் கழுத்தில் கயிறு மாட்டுகிறேன். யார் போட்ட கணக்கு இது?

ஜூன் 23, ஞாயிறு

அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சுண்ணக்கட்டித் தூள் வாசனை, அப்படியே. கட்டுக் கட்டாகப் பின்னக் கணக்குத் தாள்கள், வகுப்புக்குக் கொடுக்க அவள் கையால் எழுதியவை. ஒன்றைத் திருப்பினேன். பின்பக்கம் விடுப்பு விண்ணப்பம்.

தேடித் தேடி ஐந்து எடுத்தேன். தேதிப்படி அடுக்கினேன். முதலாவது, தொண்ணூறு நாள். அதன் கீழே பெரிய டீச்சரின் கையெழுத்து: "மாற்று ஆசிரியர் இல்லை. பிறகு பார்க்கலாம்." மற்ற நான்கையும் அவள் கொடுக்கவே இல்லை. எழுதியிருக்கிறாள், தேர்வு வந்திருக்கும், தாளை வீணாக்க மனம் வராமல் பின்பக்கம் கணக்கு எழுதிவிட்டாள்.

முப்பது நாள். பத்து நாள். மூன்று நாள்.

கடைசி விண்ணப்பம், ஒரு நாள்.

பைத்தியக்காரி. ஒரு நாள் கேட்கக்கூடவா வாய் வரவில்லை? என் அம்மா. என் பைத்தியக்கார அம்மா.

வெளிச்சம் பெட்டிக்குள் இறங்கி, தாள்மேல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது.

ஜூன் 28, வெள்ளி

கூட்டத்துக்கு வாடகைக்கு மைக் எடுத்திருந்தார்கள். வகுப்புக்கு ஒரு மைக் வேண்டுமென்று அம்மா எத்தனை முறை கேட்டாளோ.

பேச எழுதி வைத்திருந்த எதையும் பேசவில்லை. விண்ணப்பங்களை வாசித்தேன். "பெறுநர், தலைமை ஆசிரியை அவர்கள். அம்மா, எனக்குத் தொண்டையில் நோவு இருப்பதாலும் மருத்துவர் பேசக்கூடாது என்று கூறியிருப்பதாலும், தொண்ணூறு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்." அடுத்தது முப்பது. அடுத்தது பத்து. 'மூன்று நாள்' என்று வாசித்தபோது முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். 'ஒரு நாள்' என்றபோது என் குரல் நின்றுவிட்டது. மைக்கின் இரைச்சல் மட்டும்.

பிறகு விருதைக் கீச்சு கையில் கொடுத்தேன். வேறென்ன செய்ய? அவள் வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வரும்போது பெரிய டீச்சர் கையைப் பிடித்தார். "என்னைக் கொலைகாரி ஆக்கிட்டியேம்மா. மேல எத்தனை தடவை எழுதினேன், ஒரு ஆள் அனுப்பினாங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதற்காகக் கோபம் தணியவில்லை.

ஜூன் 29, சனி

அப்பா ஐந்து தாள்களையும் வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். "என்கிட்டகூட சொல்லலையே" என்றார். இன்று சாப்பிட்டார்.

ஜூலை 11, வியாழன்

இந்த வாரம் எனக்கு ஓய்வு இன்றுதான். காலை பத்து மணிக்குக் கதவு தட்டல். கீச்சு. பள்ளி இருக்கிற நேரம். நிரந்தர ஆணை இன்னும் வரவில்லை. பேசாமல் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். விடுப்பு விண்ணப்பத்தின் நகல், ஒரு நாள். ஓரத்தில் பெரிய டீச்சரின் கையெழுத்து. இந்தத் தடவை 'பிறகு பார்க்கலாம்' அதில் இல்லை. மதியத்துக்குமேல் தொண்டை டாக்டரிடம் போக வேண்டும், கூட வரச் சொன்னாள், அதுவும் சைகையில்.

வீட்டில் இருக்கப் பயமாம், யாராவது வந்து கூப்பிட்டுவிடுவார்களாம். அம்மாவின் கட்டிலைக் காட்டினேன். படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ஜன்னலைப் பாதி சாத்தினேன். மின்விசிறி மெல்லச் சுற்றியது. நான் தரையில் உட்கார்ந்து, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் யார் தூங்குகிறார்கள் என்பதே மறந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு அடித்துப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். "அக்கா, பெல் அடிச்சாச்சா?"

"இன்னும் இல்ல. தூங்கு" என்றேன்.