மலை பள்ளமான ஞாயிற்றுக்கிழமை

திருவண்ணாமலை,
புதன்கிழமை.

அன்பு மகள் ஆஃப்ஷீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் அந்தக் குளிர் தேசத்தில் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. பயந்துவிடாதே, இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம். ஆஃப்ஷீன்கிட்ட போன்ல எதையும் சொல்லிடாதேன்னு உங்க அத்தா என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். சரி, போனில் சொல்லவில்லை. எழுதக்கூடாது என்று அவர் கேட்கவும் இல்லை, நான் வாக்குக் கொடுக்கவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போனோம். உனக்குத்தான் தெரியுமே, பெயிண்ட் கடையைப் பூட்டிய அடுத்த நிமிஷம் அந்தப் பலகையைத் தூக்கிக்கொள்வார், இரண்டு கேமராவைப் பக்கம் பக்கமாகத் திருகி வைத்த பலகை. இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிட்டே இருப்பது கிட்டேயும் தூரத்தில் இருப்பது தூரத்திலும் தனித்தனியாக எழுந்து நிற்கும். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் சென்னையிலும் நிறைய பேர் இருக்கிறார்களாம், சங்கமே வைத்திருக்கிறார்கள். அதன் செயலாளர் மூர்த்தி என்பவர், உங்க ஊர்ப் படம் நாற்பது கொண்டு வாங்க சார், பெரிய திரையில போடலாம்னு கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்ரீத் சட்டையைப் போட்டுக்கொண்டு, தக்காளி சோறு கட்டச் சொல்லி, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ் கீழ்பென்னாத்தூரைத் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரருக்கு முழுப் பாடமும் நடத்தி முடித்துவிட்டார். அவர் பாவம், தூங்குகிற மாதிரி நடித்தார்.

அங்கே ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். விளக்கை அணைத்து முதல் படத்தைப் போட்டார்கள், நம்ம மலைதான். யா அல்லாஹ், என்னவென்று சொல்வேன்! மலை உள்ளே போய்ப் பள்ளமாகக் கிடக்கிறது. முன்னால் நிற்க வேண்டிய கோபுரம் மலையைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அடுத்த படத்தில் நான், வேங்கிக்காலில் நம்ம புது வீட்டு வாசலில் நிற்கிறேன், என் முகம் இட்லித் தட்டுக் குழி மாதிரி இருக்கிறது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டேனோ என்று கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாற்பது படத்திலும் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி வைத்திருக்கிறார் உங்க அத்தா! அப்படி வைத்தால் மேடெல்லாம் பள்ளமாகிவிடுமாம். இருபது வருஷமாக எடுக்கிறவர், ஒரு தடவைகூட இப்படிச் செய்ததில்லை. அதைவிட, இத்தனை பேர் முகத்தைச் சுளிக்கும்போது அவர் மட்டும் திரையைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாரே, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மூர்த்தி நல்ல மனுஷன், ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினார், எல்லாம் இடம் மாறியது. மலை எழுந்து நின்றது, அப்படி நின்றது, மொத்தக் கூட்டமும் கை தட்டியது. உங்க அத்தா என் பக்கம் குனிந்து, இப்ப எழுந்து நிக்குதா ரஹமத்துன்னு மெதுவாகக் கேட்டார். நிக்குதுங்க, உங்களுக்குத் தெரியலையான்னு கேட்டேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அந்தச் சங்கத்தில் வேதா என்று ஒரு கண் டாக்டர் அம்மா உறுப்பினர். விளக்கைப் போட்டதும் நேராக எங்களிடம் வந்தார். சார், வலது கண்ணை மூடிக்கிட்டு என் விரலைப் பாருங்க என்றார். இவர் மூடினார். ஏங்க, லைட்டை ஏன் கம்மி பண்ணிட்டீங்கன்னு கேட்டார். யாரும் கம்மி பண்ணவில்லை ஆஃப்ஷீன். பட்டப்பகல் மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் அங்கேயே ஆஸ்பத்திரியில் காட்டினோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி இடது கண் நரம்பு போய்விட்டதாம். போனது போனதுதானாம், இனி வராதாம். வலி கிடையாது, சிவக்காது, வலது கண் இடதுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டதால் அவருக்கே தெரியவில்லையாம். ஒற்றைக் கண்ணுக்கு மேடு பள்ளம் பிடிபடாதாம், படம் மாறியது தெரியாமல் போனதும் அதனால்தான். வீட்டில் இரண்டு கண்ணையும் வைத்து அந்த ஜோடிப் படங்களைப் பார்க்கிற பெட்டி இருக்கிறதே, அதில் பார்க்கும்போது இடது பக்கம் இருட்டாக இருக்கிறதென்று லென்ஸை இரண்டு தடவை மாற்றினாராம், லென்ஸ் விற்றவனைத் திட்டினாராம். நான் இவரைத் திட்டியிருக்கிறேன், டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்றியபோது, கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்ட போதெல்லாம், கவனம் எங்கங்க இருக்குன்னு. இந்தக் கண்ணோடு அவர் ஓட்டிய பைக்கில் தினமும் பின்னால் உட்கார்ந்தும் போயிருக்கிறேன். வலது கண்ணிலும் அழுத்தம் ஜாஸ்திதான், ஆனால் காலையும் இரவும் தவறாமல் சொட்டு மருந்து விட்டால் காப்பாற்றலாம் என்றார்கள். பைக் சாவி இப்போது என் இடுப்பில். அதற்குத்தான் முறைப்பு. முறைக்கட்டும்.

இனி உன் விஷயம். இது குடும்பத்தில் வருகிற நோயாம், பெத்த பிள்ளைங்க எல்லாரும் கண்ணைக் காட்டிடணும்னு வேதா அம்மா இரண்டு தடவை சொன்னார். எனக்கு நீ ஒருத்திதானே. வேலை, லீவு இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்றெல்லாம் என்னிடம் பேசாதே. இந்த வாரமே போய் அழுத்தம் பார்த்துவிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் குறையாத பார்வையையும் தரட்டும், ஒவ்வொரு தொழுகையிலும் இதைத்தான் கேட்கிறேன். மருமகனுக்கு எங்கள் துஆ. டாக்டரிடம் போகும் வரைக்கும் எனக்குப் பொறுக்காது, அதனால் இப்போதே ஒன்று செய் கண்ணு. ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு இந்த வரியைப் படி. பிறகு அடுத்த கண்ணைப் பொத்திக்கொண்டு இதே வரியைப் படி. இரண்டிலும் அம்மாவின் எழுத்து தெரிகிறதா என்று உடனே சொல்.

உன் அம்மா,
ரஹமத்துன்னிசா சர்தார்